ஒயரிங் பைப் பந்தல்

அந்தக் குழாய்களை ஒரு வாரத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் அண்ணன் இறக்கிவிட்டுப் போனான்.

அவன் ஒயரிங் வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். சிவகாசியில் ஒரு பழைய அச்சகத்தில் மின்சார ஒயர்களை முழுவதும் மாற்றும் வேலை அவனுக்கு வந்தது. முன்பு அங்கே ஒயர்களை இரும்புக் குழாய்களுக்குள் விட்டுச் சுவர் நெடுகக் கொண்டுபோயிருந்தார்கள். அதையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போடச் சொன்ன முதலாளி, கழற்றியதை நீயே கொண்டுபோ என்றும் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வைக்க இடமில்லை. எனக்கு இருந்தது. சூலக்கரைக்குச் சற்றுத் தள்ளிப் புதிதாக மனை பிரித்த காலனியில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. கரிசல் மண். வெயில் காலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதில் குட்டியானைச் சரக்கு வண்டியைப் பின்பக்கமாக விட்டுக் குழாய்களைச் சரித்துக் கொட்டினான்.

“ஒரு வாரம் கெடக்கட்டும் பிள்ள. பழைய இரும்புக்கடை ஆள வரச் சொல்லிருக்கேன்.”

ஆள் வரவில்லை. அண்ணனுக்கும் அடுத்த வேலை வந்துவிட்டது. குழாய்கள் அங்கேயே கிடந்தன.

நான் விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். கணவர் காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். பஸ் பிடித்து வந்து சேர மாலையாகிவிடும். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தால் அந்தக் குவியல்தான் முதலில் கண்ணில் படும். கறுப்புப் பெயின்ட் அடித்த குழாய்கள். மேலெல்லாம் மஞ்சளும் நீலமுமாக அச்சு மை தெறித்திருந்தது. ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் நேர்க்குழாய்கள். ஒன்று மட்டும் நேராக வந்து, மெல்ல மேலேறி, கொஞ்ச தூரம் போய், மறுபடி கீழிறங்கி, விட்ட கோட்டிலேயே நேராகப் போனது. அச்சகத்தின் கூரையில் ஏதோ ஒரு உத்தரத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

வளைந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். எங்கேயும் நசுங்கவில்லை. குழாய் உருண்டையாகவே இருந்தது. டிரிப் ஏற்றும் குழாய் கொஞ்சம் மடங்கினாலே மருந்து நின்றுவிடும். மெத்தென்ற பிளாஸ்டிக்கே அப்படி மடங்கும்போது, இந்த இரும்பு மட்டும் எப்படி மடங்காமல் வளைந்தது? அதைத் தெரிந்துகொண்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் வார்டில் வேலை பார்க்கும்போதும் அந்த வளைவுதான் நினைவில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு குழாயைத் தூக்கி வேப்பமரத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே சொருகி, மறுமுனையைப் பிடித்துத் தொங்கினேன். அது ‘டக்’கென்று ஓரிடத்தில் சப்பையாக மடங்கி என்னையும் கீழே இறக்கிவிட்டது.

பக்கத்து மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் விருதுநகர் பஜாரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறார். பரம்பரையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். டவுனுக்குள் நெருக்கமான தெருவில் கூட்டுக் குடும்பமாக இருந்தவர்கள், எங்களுக்கு ஒரு வருடம் பின்னால் இங்கே தனியாக வீடு கட்டி வந்தார்கள். அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர். நன்றாகத் தைப்பார். காலனி முழுவதும் என்னைக் கூப்பிடுவதுபோல அவரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். செடி வளர்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. டவுன் வீட்டில் மண்ணையே பார்க்காமல் இருந்ததால் இங்கே வந்ததும் வாளி, டப்பா என்று கிடைத்ததிலெல்லாம் விதை போட்டார். பீர்க்கும் பாகலும் முளைத்து, ஏற இடமில்லாமல் மாடித் தரையிலேயே ஊர்ந்து, வெயிலில் கருகும்.

அவர் இறங்கி வந்து மடங்கிய குழாயைப் பார்த்தார். நான் அந்த நல்ல வளைவைக் காட்டினேன். அவரும் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார்.

“இம்புட்டும் சும்மாவா கெடக்கு? ஒரு பந்தல் போட்டா என்ன சிஸ்டர்?”

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணனைப் போனில் கேட்டேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு, குழாய்க் குவியலுக்கு அடியில் சாக்கில் சுற்றி ஒரு பெண்டர் கிடக்கும், பார் என்றான். கிடந்தது. நீளமான கைப்பிடி, அதன் முனையில் அரைநிலா மாதிரி ஒரு இரும்புத் துண்டு, அதில் குழாய் அச்சாகப் போய் உட்காரும்படி ஒரு பள்ளம். குழாயைத் தரையில் வைத்து, பள்ளத்தில் மாட்டி, காலால் மிதித்துக்கொண்டு கைப்பிடியை நம் பக்கம் இழுக்க வேண்டும். பள்ளம் குழாயின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் அது சப்பையாகப் போக வழியில்லை. என் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அது கிடைத்ததும் வேறு கேள்விகள் வந்துவிட்டன.

நாங்கள் கட்ட நினைத்தது ரயில் குகை மாதிரி ஒரு பந்தல். வரிசையாக வளைவுகள், அவற்றை மேலே முதுகெலும்பு மாதிரி இணைக்கும் ஒரு நேர்க்குழாய். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு பாதிகள்; உச்சியில் காலர் என்கிற இணைப்பு வளையம் போட்டுச் சேர்க்க வேண்டும். முதல் வளைவின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒரே இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே மாதிரிதான் வளைத்தோம். நான் இழுத்தது ஒரு விதம், அக்கா இழுத்தது ஒரு விதம். அவர் இழுத்துவிட்டுக் கையை எடுத்ததும் குழாய் கொஞ்சம் திரும்ப நிமிர்ந்துகொள்வதை அப்புறம்தான் கவனித்தோம். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்தால்தான் வேண்டிய அளவில் வந்து நிற்கும். எவ்வளவு அதிகம் என்பதைக் கைதான் பழக வேண்டும்.

அளவுக்கு வழி அக்காதான் கண்டுபிடித்தார். குடைப்பாவாடைக்குத் துணி வெட்டுவதுபோல, அவர் வீட்டு மாடித் தரையில் ஒரு ஆணியில் கயிறு கட்டி, மறுமுனையில் சாக்பீஸைப் பிடித்துப் பெரிய அரைவட்டம் ஒன்று போட்டார். குழாயைக் கொஞ்சம் வளைப்பது, தூக்கிக்கொண்டு போய்க் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் வளைப்பது. வெயில் தாழ்ந்த பிறகு தினமும் இதே வேலைதான். என் கணவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, காபி போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார். உதவிக்கு வரட்டுமா என்று ஒருமுறை கேட்டார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் இழுத்தால் அது மூன்றாவது விதமாக வளையும் என்பது அக்காவின் கவலை.

கரிசல் மண்ணில் கம்பு ஊன்றினால் காய்ந்ததும் வெடிப்பு விட்டுச் சாய்ந்துவிடும். அதனால் காலி பிளாஸ்டிக் பெயின்ட் வாளிகளில் சிமென்ட் கலவை போட்டு அதில் குழாய்களின் கால்களை நிறுத்தி, வாளியோடு மண்ணில் புதைத்தோம். சித்திரை பாதியில் பந்தல் எழுந்து நின்றது. வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கக் கதவு வரைக்கும் கறுப்பு விலா எலும்புகள் வரிசையாக நின்றன. தெருவில் போகிறவர்கள் நின்று, கார் விடவா என்று கேட்டார்கள்.

அடுத்த பேச்சு, இரும்பு சுடும் என்பது. நம் ஊர் வெயிலில் கொடி ஏறினால் கருகித்தான் போகும் என்று காலனியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டி ஜுரம் பார்க்க வாங்கிய கருவி ஒன்று வீட்டில் கிடந்தது. நடுமதியத்தில் அதைக் குழாய்க்கு நேரே காட்டினேன். மனிதருக்கு வரக்கூடிய சூடு வரைக்கும்தான் அது எண் காட்டும். அதற்கு மேல் போனால் சிவப்பாக எரிந்து கூவும். கூவியது. அக்கா அதை வாங்கி மண்ணுக்கு நேரே காட்டினார், கூவியது. கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி மூடி, என் செருப்பு, எல்லாவற்றுக்கும் கூவியது. ஊரே ஜுரத்தில்தான் கிடக்கு என்றார் அக்கா.

அதனால் செடியையே கேட்பது என்று முடிவு செய்தோம். சில குழாய்களில் தேங்காய் நார்க்கயிற்றைச் சுற்றினோம். சிலவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சிலவற்றைக் கறுப்பாகவே விட்டோம். ஒரே நாளில் எல்லாவற்றின் காலடியிலும் பீர்க்கு விதை போட்டோம். கொடி எழும்பி, பற்றுக்கம்பிகளை நீட்ட ஆரம்பித்த பிறகு ஷிப்ட் முடிந்து வந்ததும் என் முதல் வேலை அவற்றைப் பார்ப்பதுதான். கயிற்றில் பற்றியவை இறுகச் சுற்றிக்கொண்டு மேலே போயின. சுண்ணாம்பில் பற்றியவையும் பிழைத்தன. கறுப்புக் குழாயில் காலையில் ஒரு சுற்றுச் சுற்றியது மதியத்துக்குள் நுனி பழுப்பாகிச் சுருங்கிவிடும். ஆளாளுக்குச் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். ஆனால் கயிற்றில் ஏறிய கொடி உச்சிக்குப் போய் இலைகளைப் பரப்பி நிழல் விழ ஆரம்பித்ததும், அதே கறுப்புக் குழாயில் பக்கத்துக் கொடிகள் தயங்காமல் பற்றின. முதலில் ஏறுகிற ஒன்றிரண்டு தாண்டிவிட்டால் போதும். பின்னால் வருகிறவற்றுக்கு நிழலை அவையே போட்டுவிடுகின்றன.

எதிர்வீட்டில் இருப்பவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“எர்த்து குடுத்திருக்கீகளா சிஸ்டர்?”

“செடிக்கு எதுக்கு அண்ணாச்சி எர்த்து?”

“செடிக்கு இல்ல. இரும்புக்கு.”

அவருடைய கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழைகிற யாராக இருந்தாலும் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். நடந்து வருவதில், துணி உரசுவதில் உடம்பில் சேர்கிற மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குப் போய்விடுமாம். நைலான் சேலை கட்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். நான் விடாமல் கேட்டேன். உடம்பில் எவ்வளவு சேரும், மழை நாளில் குறையுமா, வெறுங்காலில் நடந்தால் சேருமா என்று. மழை நாளில் குறையும், மற்றது தெரியாது என்றார். பல வருடப் பழக்கத்தில் வீட்டுக்குள் நுழையும்போதும் கேட் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவதாகச் சொல்லிக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். இடி மின்னல் காலத்தில் பந்தலுக்குக் கீழே நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனிடம் கேட்டேன். ஒயரே இல்லாத குழாய்க்கு எர்த்து எதற்கு, மின்னலுக்கு உன் வேப்பமரம்தான் உசரம் என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது.

ஆடிக் காற்றில் பந்தல் லேசாகச் சாய்ந்தது. குறுக்கே குழாய்கள் கட்டி நிமிர்த்தினோம். பீர்க்கு முடிந்ததும் கொடி அவரை போட்டோம். மார்கழி பிறப்பதற்குள் பந்தல் முழுவதும் ஊதாப்பூ. காலையில் அக்காவும் நானும் அவரைக்காய் பறிப்போம். அக்கா பிஞ்சாகப் பறிப்பார், நான் முற்றவிட்டுப் பறிப்பேன். அதில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம்.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டும் நேரம் வந்தது. வழக்கமாக மாடியில் கட்டுவோம். இந்த முறை பந்தலின் முன் முனையில், தெருவைப் பார்த்துக் கட்டலாம் என்று அக்கா சொன்னார். ஒயரை இலைகளுக்கு மேலே இழுத்தால் அசிங்கமாகத் தெரியும். நான் உச்சிக் குழாயைப் பார்த்தேன். அது வீட்டுச் சுவரில் தொடங்கி முன் முனை வரை நேராகப் போகிறது. ஒயர் போவதற்கென்றே செய்த குழாய். அதற்குள்ளேயே விட்டுவிடலாமே?

எப்படி விடுவது என்பதுதான் கேள்வி. தள்ளினால் ஒயர் காலர்களில் முட்டி நின்றது. அண்ணன் ஊரில் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தையல் நூலில் சின்னப் பஞ்சு உருண்டையைக் கட்டி இந்த முனையில் வைத்து, அந்த முனையில் உறிஞ்சினோம். நூல் சரசரவென்று உள்ளே ஓடி மறுபக்கம் வந்துவிட்டது. நூலில் சணலைக் கட்டி, சணலில் ஒயரைக் கட்டி இழுத்தோம். ஸ்டார் எரிந்தபோது ஒயர் எங்கேயும் தெரியவில்லை. தெருவில் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் அக்காவுக்கும் பெருமை தாங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துத் தூறல் விழுந்த ஒரு காலை. கரிசல் மண் நனைந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு தூக்க முடியாமல் கனக்கும். அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பந்தலுக்குள் போனார். நான் சமையலறையில் இருந்தேன்.

“சிஸ்டர், உங்க பந்தல் கடிக்குது.”

கம்பளிப்பூச்சி என்று நினைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். பூச்சி இல்லை, எறும்பு இல்லை. அவர் கையை வாங்கிப் பார்த்தேன். சிவக்கவில்லை, வீங்கவில்லை. குத்துகிறதா, எரிகிறதா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, உள்ளுக்குள் சுர்ரென்று ஓடுகிறது என்றார். எந்த இடம் என்று கேட்டு அந்தக் குழாயை நானே இறுகப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

விரலில் சுர்ரென்று ஓடுவது, மற்றவருக்குத் தெரியாதது, வயது ஐம்பதைத் தாண்டியது. வார்டில் தினமும் பார்க்கிறதுதான். நான் அக்காவை உட்காரவைத்து, சுகர் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். காலில் மதமதப்பு இருக்கிறதா, ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய அம்மாவுக்குச் சுகரால் விரல் எடுத்திருக்கிறார்கள். அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள், விடிந்தும் விடியாமலும், லேப் ரிப்போர்ட்டோடு வந்தார். சுகர் இல்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் அதற்காக வரவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்ல. பந்தலுக்குத்தான் என்னமோ இருக்கு. நேத்து சாயங்காலம் மதில் பக்கமா வந்து தொட்டுப் பாத்தேன். ஸ்டார் எரியாதப்ப ஒண்ணும் செய்யல. நீங்க சுவிட்ச போட்டதும் கடிச்சுது.”

நான் அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். என் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. பந்தல் முனையில் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்த அந்தக் காலையிலும் நான் அதை அணைத்திருக்கவில்லை. உள்ளே ஓடிப் போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் டெஸ்டர் கேட்டேன். எதற்கு என்று கேட்டவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் வாசல்படியில் நிற்கச் சொல்லிவிட்டு, சுவிட்சைப் போடச் சொல்லி, டெஸ்டர் நுனியைக் குழாயில் பெயின்ட் உரிந்த ஓர் இடத்தில் வைத்தார். உள்ளே இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுத்த வளைவில் வைத்தார். எரிந்தது. எல்லா வளைவுகளிலும் எரிந்தது. அணைக்கச் சொன்னார். ஒயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிப் போட்டார். கேட்டுக்கு வெளியே நின்று எர்த்து கேட்டதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் அன்றைக்கே சிவகாசியிலிருந்து வந்துவிட்டான். ஒயரை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முன் முனையில் குழாயை நாங்கள் இரும்பு அறுக்கும் பிளேடால் அறுத்திருந்தோம். அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. ஸ்டார் காற்றில் ஆட ஆட, ஒயர் அதில் உரசி, மேல்தோல் அறுந்து, செம்பு முடி அளவுக்கு வெளியே தெரிந்தது. வாளியில் கால் நின்றதால் மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பந்தல் முழுவதும் நின்றிருக்கிறது. விளிம்பில் மிச்சமிருந்த பெயின்ட்தான் பாதியைத் தடுத்தது என்றான். ஒயர் விடுகிற குழாயின் வாயில் வழுவழுப்பான ஒரு மூடி வளையம் போடுவார்கள், குழாய்க்கும் எர்த்து கொடுப்பார்கள், இதெல்லாம் இல்லாமல் ஏன் என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“அந்தப் பெயின்ட் முழுசும் உரிஞ்சிருந்தா, பிள்ள...”

அரத்தை எடுத்து ஒவ்வொரு குழாய் முனையாக ராவினான். பந்தலின் காலடியில் ஆழமாகத் தோண்டி எர்த்து கம்பி அடித்தான். மின்கசிவு வந்தால் தானாகவே அணைந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றை வீட்டில் மாட்டினான். ஸ்டாரை மாடிக்கு மாற்றினான்.

அக்காவின் வீட்டுக்காரர் மறுநாள் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். தேநீர் குடித்தார், என் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். போகும்போது, இனி பந்தலுக்கு அவளை அனுப்பவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நான் தலையாட்டினேன்.

கிறிஸ்துமஸ் அன்று கேக்கும் முறுக்கும் மதில் வழியாகக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டார், சிரித்துப் பேசினார், பாத்திரத்தில் அவர்கள் வீட்டு அல்வாவை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பந்தலைப் பற்றிப் பேசவில்லை. பேசும்போது அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. அவரைக்காய் கொடியிலேயே முற்றிக் காய்ந்தது. எனக்கும் தனியாகப் பறிக்க மனம் வரவில்லை. குழாயில் கை வைக்கும் முன்பு ஒவ்வொரு தடவையும் நான் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். அது எரியாது என்று தெரிந்தும் பார்த்தேன். சுகர் இருக்கிறதா என்று அவரிடம் நான் அடுக்கடுக்காகக் கேட்ட கேள்விகள் ஞாபகத்துக்கு வரும். அவர் தன் உடம்பில் ஓடியதைச் சொன்னார். நான் அவர் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றதைப் பார்க்கவில்லை.

தை பாதியில் ஒருநாள் மதியம், பந்தலின் ஓரத்தில் குறுக்கே கட்டிய குழாய் ஒன்றின் வாயில் பச்சையாக ஏதோ அடைத்திருந்தது. தெருப் பிள்ளைகள் இலையைத் திணித்திருக்கிறார்கள் என்று நினைத்து விரலை நீட்டினேன். அதற்குள் காதோரம் ஒரு ரீங்காரம். கறுப்பும் பழுப்புமாக ஒரு தேனீ, தன் உடம்பைவிடப் பெரிய வட்டமான இலைத் துண்டைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வந்து, குழாய்க்குள் நுழைந்தது. உள்ளே ஏதோ கீறுகிற சத்தம். பிறகு வெறுங்கையோடு வெளியே வந்து பறந்தது. அது போன திசையில் பார்த்தேன். மதிலோரம் அக்கா வீட்டுக் காகிதப்பூச் செடியின் இலைகளில் ஓரம் ஓரமாக வட்ட வட்டமாக வெட்டியிருந்தது.

யோசிக்காமல் மதிலில் எட்டிக் கூப்பிட்டுவிட்டேன். அக்கா, ஒரு தேனீ துணி வெட்டுது, வந்து பாருங்க என்றேன்.

அவர் தையல் மிஷினிலிருந்து எழுந்து, கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, பந்தலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார். தேனீ அடுத்த துண்டோடு வந்தது. அவர் இரண்டு அடி முன்னால் வந்தார். அது உள்ளே போனது.

“உள்ள என்ன பண்ணுது?”

தெரியவில்லை என்றேன். அது வெளியே வந்து பறந்ததும் அவர் குழாய்ப் பக்கம் வந்து, அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். இலைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டுக் கட்டுபோல அடுக்கியிருப்பதாகச் சொன்னார். ஓரங்களைத் தைத்தது மாதிரி இருக்கிறது என்றார். மொபைலில் டார்ச் அடிக்கச் சொன்னார். நான் அடித்தேன். அவர் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் குழாயைச் சுற்றியிருந்தன. டார்ச்சை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே தெரிந்துவிட்டது. குனிந்த வாக்கிலேயே கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

“சுவிட்ச் அணைச்சிருக்கீகளா?”

“பந்தல்ல இப்ப ஒயரே இல்லக்கா. எர்த்தும் இருக்கு.”

“ம்” என்றார். மறுபடி உள்ளே பார்த்தார்.

அந்தத் தேனீ மகரந்தம் வைத்து, முட்டையிட்டு, இலையால் மூடி அறை அறையாகக் கட்டும் என்று அன்று மாலை என் கணவர் மொபைலில் தேடிப் படித்துச் சொன்னார். எவ்வளவு நாளில் குஞ்சு வெளியே வரும், வெயில் ஏறினால் இரும்புக்குள் என்னாகும் என்பதற்கு எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. அந்தக் குழாய்க்கு மேலே அவரைக்கொடியின் நிழல் விழுந்திருந்தது. ஆனால் மாசிக்குள் அவரைக்கொடி பட்டுப்போகும். அதை அறுத்தால் நிழலும் போய்விடும்.

அறுக்க வேண்டாம் என்றார் அக்கா. மறுநாள் ஒரு பழைய வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து, அந்தக் குழாயின் வெயில் விழும் பக்கத்தில் மட்டும் மறைப்பாகத் தைத்துக் கட்டினார். தொடும் முன்பு புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

“எப்ப வெளிய வரும்னு நெனைக்கீக?”

“தெரியலையேக்கா.”

“அப்ப பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டு, வாசலிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பந்தலுக்குள் உட்கார்ந்தார்.